பின் சீட்டுக் கணக்கு

குடும்ப வண்டியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பது எங்கும் எழுதி வைக்கப்படாத சட்டம். ஓட்டுபவர் ஆண். அவருக்குப் பக்கத்து இருக்கை வீட்டின் அடுத்த ஆணுக்கு. மாமனார், மைத்துனர், மாப்பிள்ளை என்று வரிசை போகும். யாரும் இல்லாவிட்டால் "எனக்குக் காலை நீட்டணும்" என்று சொல்லத் தெரிந்த பதினைந்து வயதுப் பையனுக்கு. நடு வரிசை அக்கா தங்கைகளுக்கும் அவர்கள் மடியில் இருக்கும் குழந்தைகளுக்கும். பின்கதவைத் திறந்து ஏறி, ஒருவரை ஒருவர் பார்த்தபடி பக்கவாட்டில் உட்காரும் கடைசி இருக்கைகள் வீட்டின் மூத்த பெண்களுக்கு. புளிசாதத் தூக்கு, தண்ணீர் கேன், குலதெய்வத்துக்கான பொங்கல் பானை எல்லாம் அவர்களோடு. கேட்டால், "அம்மா ஒல்லிதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க" என்பார்கள்.

வண்டியின் இயற்பியல் இந்தச் சட்டத்துக்கு நேர் எதிரானது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பவருக்குக் குலுக்கல் குறைவு. பின் அச்சை நெருங்க நெருங்க அது கூடும். பின் அச்சின் மேலேயே உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு பள்ளமும் இடுப்பில் வந்து சேரும். திடமான எலும்பு இருப்பவர்களுக்கு மெத்தென்ற இடம், தேய்ந்த எலும்பு இருப்பவர்களுக்கு உதைக்கிற இடம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். வண்டிக்கு என்ன வாங்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று முடிவெடுப்பதும் அந்த மெத்தென்ற இடத்திலிருந்துதான்.

எங்கள் வண்டி 2011ஆம் ஆண்டு பொலேரோ. பி.ஒய். 01 என்று தொடங்கும் புதுச்சேரி எண். அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் வாங்கியது. அவர் போன பிறகு படிவம் 31 எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை அம்மா பெயருக்கு மாற்றினோம். ஓட்டுவது நான். தம்பி சென்னையிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், "வித்துடுக்கா, பதினஞ்சு வருஷம் ஆவப்போவுது" என்பான். தகுதிச் சோதனை காட்டி ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று நான் சொல்வேன். அம்மா குறுக்கே பேச மாட்டார். போனை வைத்த பிறகு, "அது இருந்தாத்தான் நெனச்சா பாகூர் போவ முடியும்" என்பார். பாகூர் அவர் பிறந்த ஊர். ஏரிக்கரைக்குப் பக்கத்தில் பெரியம்மா இருக்கிறார், கொஞ்சம் நிலமும் இருக்கிறது. லாஸ்பேட்டையிலிருந்து முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று இருபது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். வழியில் எத்தனை வேகத்தடை என்று எண்ணத் தொடங்கினால் ஊர் வந்துவிடும், எண்ணிக்கை முடியாது.

அம்மாவுக்கு 71 வயது, 46 கிலோ. மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் பெண்களின் எலும்பு வேகமாக அடர்த்தியை இழக்கிறது. முதுகெலும்பில் ஒரு கணு, விழாமலேயே, கனமான ஒரு குடத்தைத் தூக்கியதிலோ ஒரு குலுக்கலிலோ நசுங்கிவிடலாம். போன வருடம் அம்மாவுக்கு அப்படி ஒரு கணு நசுங்கியிருப்பது எக்ஸ்ரேயில் தெரிந்தது. "குண்டும் குழியுமான ரோட்டுல போகாதீங்கம்மா" என்றார் மருத்துவர். வேறு எந்த ரோட்டில் போவது என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா பாகூர்ப் பேச்சை எடுப்பதை நிறுத்தினார். வெயில் என்றார், ஏகாதசி என்றார், பெரியம்மாவே வரட்டும் என்றார். வண்டி குலுக்குகிறது என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அது வண்டியை விற்பதற்கான காரணமாகிவிடும், விற்றுவிட்டால் பாகூர் கிடையாது. ஒருநாள் வற்புறுத்திக் கூட்டிப்போனபோது கண்ணாடியில் பார்த்தேன். நிமிர்ந்து உட்கார முடியாமல் நடு வரிசையில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தவர், ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் இரண்டு கையையும் சீட்டில் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டி செய்ய வேண்டிய வேலையை அம்மாவின் மணிக்கட்டுகள் செய்துகொண்டிருந்தன.

மறுநாள் படிக்கத் தொடங்கினேன். என் முனைவர் பட்டம் தமிழில்தான் என்றாலும், ஒரு பொருளைப் புரிந்துகொள்ள அதன் சொல்லில் தொடங்குவது எனக்குப் பழக்கம். ஆங்கிலத்தில் அது ஷாக் அப்சார்பர், அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்வது. நம் மெக்கானிக்குகள் வாயில் ஷாக்கப்சர். தமிழ்ப் பாடநூல்களில் அதிர்வு தாங்கி. எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் உண்டு. இந்த ஊரில் அவர்களை சொல்தா என்போம். அவர் அதை அமொர்த்திசர் என்றார். சாவைக் குறிக்கும் வேரிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல். மரத்துப்போகச் செய்வது, துள்ளலைச் சாகடிப்பது என்று பொருள் கொள்ளலாம்.

மூன்றில் பிரெஞ்சுச் சொல்தான் வேலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏனென்றால் இந்த உறுப்பு எதையும் தாங்குவதில்லை. பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். பொலேரோவில் முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை ஸ்பிரிங். பள்ளத்தில் விழும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது, உடனே விரிகிறது, மறுபடி அமுங்குகிறது. தனியே விட்டால் ஊஞ்சல் போல ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவது ஷாக் அப்சார்பர். உருளைக்குள் எண்ணெய், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துளைகளும் வால்வுகளும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது எண்ணெய் அந்தத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு பாய வேண்டும். அந்த நெருக்கத்தில் அசைவு வெப்பமாக மாறி, உருளையின் சுவர் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. ஓடி வந்த வண்டியில் நல்ல ஷாக் அப்சார்பரைத் தொட்டால் சுடுவது இதனால்தான்.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பின்பக்கம் இரண்டிலும் எண்ணெய் வழிந்து, அதன் மேல் புழுதி அப்பிக் களிம்பாகியிருந்தது. இலேசான ஈரம் இருக்கலாம், வழியக் கூடாது. கடலோர ஊரில் இதற்கு ஒரு கூடுதல் காரணம் உண்டு. மேலும் கீழும் போகும் ராடின் குரோமியப் பூச்சில் உப்புக் காற்று புள்ளி புள்ளியாகத் துருவேற்றும். அந்தப் புள்ளிகள் ஆயில் சீலை அறுக்கும். டயரை உள்ளங்கையால் தடவினால் மேடும் பள்ளமுமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தது. சக்கரம் தரையில் ஒட்டாமல் துள்ளியிருக்கிறது என்று அர்த்தம். துள்ளுகிற சக்கரத்துக்கு பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ஆகவே சொகுசு மட்டுமல்ல, உயிரும் இதில் இருக்கிறது.

ஊருக்குள் ஒரு பெரிய ஒர்க் ஷாப்புக்கு அம்மாவோடு போனேன். பெயர் வேண்டாம்.

"சார் வரலையா மேடம்?"

"எந்த சார்?"

"இல்ல... வண்டி ஓனர்."

"ஓனர் பின் சீட்டுல உக்காந்திருக்காங்க."

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். பிறகு ஹெவி டூட்டி ஷாக் அப்சார்பர் போட்டுக்கொள்ளச் சொன்னார். "கல்லு மாதிரி நிக்கும் மேடம். ஹைவேல நூறுல போனாலும் ஆடாது. சார்கிட்ட சொல்லுங்க, அவருக்குத் தெரியும்." நான் பின்பக்க வால்வின் கடினம் பற்றிக் கேட்டேன். என் தொழில் என்ன என்று கேட்டார். சொன்னேன். "தமிழ் மேடமா? உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த இரும்பெல்லாம்?"

இந்தக் கேள்விக்கான பதில் என் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. புறநானூற்றின் 102ஆம் பாடல் ஔவையார் பாடியது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பாரம் அதிகம். மேடும் பள்ளமும் எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உப்பு வணிகர்கள் அச்சுக்குக் கீழே இன்னோர் அச்சைக் கட்டி வைத்துக்கொண்டு போகிறார்கள். அந்தச் சேம அச்சைத்தான் அவர் தலைவனுக்கு உவமையாக்குகிறார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்காத ஒருத்திக்கு இந்த உவமை வாய்த்திருக்காது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியின் எருதுகளை ஓட்டிப்போவதே கைக்குழந்தையுடைய ஒரு பெண்தான். அச்சு, ஆர், குறடு, சூட்டு என்று சக்கரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்த மொழியைப் படித்தவளுக்கு இரும்பு எதற்கு என்று கேட்பது, மொழியையும் தெரியாத கேள்வி, பெண்ணையும் தெரியாத கேள்வி.

அங்கிருந்து கிளம்பி, என்னென்ன வாய்ப்புகள் இருக்கின்றன என்று நோட்டில் எழுதினேன்.

ஒன்று, பழையதையே பிரித்து எண்ணெய் ஊற்றிச் சீல் மாற்றித் தருவது. மலிவு. ஆனால் துருவேறிய ராடு அதே ராடுதான். புதுச் சீலையும் அது அறுக்கும்.

இரண்டு, வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே அளவு. கம்பெனி பார்ட்ஸாகவும் வாங்கலாம். வண்டித் தொழிற்சாலைகளுக்கு சப்ளை செய்கிற, 1961இல் தொடங்கப்பட்ட கேப்ரியல் இந்தியா போன்றவர்களின் பொருளை ஸ்பேர்ஸ் கடையிலும் வாங்கலாம். இவை பெரும்பாலும் இரட்டைக் குழாய் வகை. உள்ளே ஒரு குழாய், வெளியே எண்ணெய் போய் நிற்க இன்னொரு குழாய். குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் அடைத்தது கிடைத்தால் நல்லது. வேகமாக ஆடும்போது எண்ணெய் நுரைப்பதை அது தடுக்கும். நுரைத்த எண்ணெய்க்கு எதிர்ப்பு இல்லை.

மூன்று, ஒற்றைக் குழாய் வகை. 1950களில் ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் கார்களுக்குக் கொண்டுவந்தது. வாயுவின் அழுத்தம் அதிகம், வெப்பம் சீக்கிரம் வெளியேறும், மலையிலும் மணலிலும் மணிக்கணக்காக ஓட்டுபவர்களுக்கு நல்லது. விலை பல மடங்கு. மெதுவான ஓட்டத்தில் கொஞ்சம் விறைப்பாகவும் இருக்கும்.

நான்கு, அந்த ஹெவி டூட்டி.

பின் சீட்டிலிருந்து கணக்குப் போட்டால் நான்காவது முதலில் விழுந்துவிடும். பொலேரோவின் பின் பட்டைகள் முழுச் சுமைக்கு என்று அமைந்தவை. ஏழு பேரும் மூட்டைகளும் இருந்தால் அவை வளைந்துகொடுக்கும். 46 கிலோ அம்மா மட்டும் பின்னால் இருந்தால் வளையாது, உதைக்கும். ஏற்கெனவே விறைப்பாக இருப்பதோடு இன்னும் விறைப்பான ஷாக் அப்சார்பரைச் சேர்த்தால், ஓட்டுபவருக்கு வண்டி கல் மாதிரி நிற்கும். அந்தக் கல் யார் முதுகில் விழுகிறது என்பது முன் சீட்டுக்குத் தெரியாது. உட்கார்ந்திருக்கும் மனித உடல், மேலும் கீழுமான அதிர்வில், நொடிக்கு 4 முதல் 8 முறை வரை வரும் அசைவைத்தான் மிக அதிகமாக உணர்கிறது என்று அதிர்வு பற்றிய பன்னாட்டுத் தர அளவுகள் சொல்கின்றன. முதுகெலும்புக்கு வலிக்கும் எல்லை அது. வண்டியின் உடல் ஸ்பிரிங் மேல் மெதுவாக, நொடிக்கு ஒன்றிரண்டு முறை அசைந்து அடங்குவதே இதமான ஓட்டம். விறைப்பு கூடக் கூட அந்த வலிக்கும் எல்லையில் வருவதும் மனிதருக்கு அப்படியே போய்ச் சேரும்.

யார் உடல் அளவுகோல் என்ற கேள்வி வண்டித் தொழிலுக்குப் புதிதல்ல. மோதல் சோதனைகளில் உலகம் முழுக்கப் பயன்படும் ஹைப்ரிட் 3 என்ற பொம்மை 1976இல் உருவானது. சராசரி ஆணின் அளவு, ஏறக்குறைய 175 சென்டிமீட்டர், 78 கிலோ. பெண் பொம்மை என்று பின்னால் வந்ததும் பெரும்பாலும் அதையே சுருக்கிச் செய்தது. நம் ஊர்ப் பட்டறையில் அந்தப் பொம்மைக்குப் பெயர் "சார்". அவர் அங்கே வரவே வேண்டியதில்லை. அவர் உடம்புக்குத்தான் எல்லாம் தேர்ந்தெடுக்கப்படும்.

இதைத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் மகளிர் தினமும் வந்தது. ஒரு கூட்டத்தில் சிறப்பு விருந்தினர், "குடும்பம் என்ற வண்டிக்குப் பெண்தான் ஷாக் அப்சார்பர்" என்று பேசினார். பலத்த கைத்தட்டல். அடுத்துப் பேச வேண்டியது நான். எழுதி வைத்திருந்ததை மடித்து வைத்துவிட்டு, ஷாக் அப்சார்பர் எப்படி வேலை செய்கிறது என்று மாணவிகளுக்கு விளக்கினேன். அது பொறுத்துக்கொள்வதில்லை, எதிர்க்கிறது. வாங்கிய அதிர்ச்சியை உள்ளே வைத்துக்கொள்வதில்லை, சூடாக வெளியே விடுகிறது. அதற்கு ஆயுள் உண்டு. வண்டி நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் அதைச் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள். தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது, அதே அச்சில் இருக்கும் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இந்த நான்கு நிபந்தனைக்கும் உங்கள் வீடு சம்மதித்தால் அந்தப் பட்டத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். சிறப்பு விருந்தினரும் கைதட்டினார்.

வில்லியனூர் சாலையில் ஒரு சிறிய பட்டறைக்காரரிடம் வேலையைக் கொடுத்தேன். அவர் "சார் எங்கே" என்று கேட்கவில்லை. "யாரும்மா அதிகம் உக்கார்றது?" என்று கேட்டார். சரியான கேள்வி அதுதான். அம்மாவைக் காட்டினேன். "அப்ப கம்பெனி அளவே போடுவோம். வாயு அடைச்சது. நாலும் மாத்திடலாம்" என்றார். நான் பட்டியலிட்டதைச் சொன்னேன், அவரும் கூட்டினார். பெட்டியின் மேல் பாகத்தின் எண்ணும் தயாரித்த மாதமும் பார்த்து வாங்குவது. ஜி.எஸ்.டி. பில் வாங்குவது, அது இல்லாமல் உத்தரவாதம் இல்லை. மாட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைத்து நாலைந்து முறை முழுக்க அமுக்கி இழுத்து உள்ளே நிற்கும் காற்றை வெளியேற்றுவது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது புஷ் போல்ட்டை முழுக்க இறுக்காமல், தரையில் இறக்கி, சக்கரத்தில் பாரம் வந்த பிறகு கடைசி இறுக்கு இறுக்குவது. தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பின் பட்டைகளுக்கு இடையில் ஏறிய துருவையும் அவர் காட்டினார். பட்டையின் முனையில் இருக்கும் புஷ்கள் காய்ந்து கட்டையாகியிருந்தன. "இத மாத்தாம ஷாக்கப்சர மட்டும் மாத்தினா பாதி காசு தண்டம்மா." மாற்றினோம். டயரில் காற்றைக் கையேட்டில் சொன்ன அளவுக்குக் குறைத்தார். காற்றுக் கடைகளில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவு அடித்துவிடுவார்கள், அதுவும் குலுக்கலில் ஒரு பங்கு.

ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை நீட்டினார்.

"நீங்க ஓட்டுங்கண்ணே. நான் பின்னாடி உக்கார்றேன்."

ஒரு நொடி யோசித்தார், பிறகு ஓட்டினார். அம்மா சாய்ந்திருக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். ஒரு வேகத்தடையை மெதுவாகவும், அடுத்ததைக் கொஞ்சம் வேகமாகவும் கடக்கச் சொன்னேன். ஏற வேண்டும், இறங்க வேண்டும், அடங்க வேண்டும். இரண்டாவது துள்ளல் இருக்கக் கூடாது. இல்லை. குழிகள் தெரிந்தன, ஆனால் முதுகில் இல்லை, பாதத்தில்தான் தெரிந்தன. பதினான்கு வருடத்தில் இந்த வண்டியைப் பின் சீட்டிலிருந்து சோதித்துப் பார்த்தது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். ஷோரூமில் வாங்கிய நாளிலும் அப்பாவும் சித்தப்பாவும் முன்னால் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார்கள். அம்மா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாகூர் போனோம். தவளக்குப்பம் தாண்டியதும் அம்மா கேட்டார்: "ரோடு புதுசா போட்டுட்டாங்களாடி?" போடவில்லை என்றேன். முழு எலும்பும் பழையபடி ஆகிவிடப் போவதில்லை, மருந்தும் ஊசியும் தொடர்கின்றன. ஆனால் அன்று அவர் கைகள் மடியில் இருந்தன.

கழற்றிய நான்கையும் பட்டறைக்காரர் சாக்கில் கட்டி டிக்கியில் போட்டுக் கொடுத்திருந்தார். வீட்டுத் திண்ணையில் வைத்துப் புதியதற்கும் பழையதற்கும் என்ன வித்தியாசம் என்று அம்மா கேட்டார். புதியதைப் பட்டறையில் நான் இரண்டு கையாலும் அமுக்கியும் கஷ்டப்பட்டுத்தான் இறங்கியது என்று சொன்னேன். அம்மா பழையதில் ஒன்றை நிமிர்த்தி, ராடின் தலையில் ஒரு விரலை வைத்தார். எந்த எதிர்ப்பும் இல்லாமல் உள்ளே போனது. திரும்பி வரவில்லை.

"இது செத்து ரொம்ப நாள் ஆச்சு" என்றார்.

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டோம். பேரம் பேசியது ஓனர்தான்.